வாசகர் வட்டம், கோத்தகிரி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு நாவல்களை ஒதுக்கிவிட்டுச் சிறுகதைகளை மட்டும் படித்தோம். எடுத்துக்கொண்ட பொருள் குற்றவுணர்வும் அந்நியமாதலும். "இதுக்கெல்லாம் யார் வருவாங்க செயலாளரே?" என்று கேட்டவர்கள்தான் கடைசிவரை தவறாமல் வந்தார்கள். மே மாதம் ஊர் முழுக்கச் சுற்றுலா வண்டிகள் நின்றதால் கூட்டம் வைக்கவில்லை. ஐப்பசி மழையில் அரவேனு பக்கத்து உறுப்பினர்களுக்குத் திரும்பிப் போக பஸ் நிச்சயமில்லை என்று அந்த மாதமும் விட்டுவிட்டோம்.

1915-இல் வெளிவந்த இரண்டு கதைகளோடு தொடங்கினோம். ஒன்று வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்', மற்றொன்று காஃப்காவின் 'உருமாற்றம்'. ஐயரின் கதையில், அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி முறிந்து அப்பா நொடித்துப்போனதால் ருக்மிணியை மாமியார் வீட்டில் ஒதுக்குகிறார்கள். மகனுக்கு இன்னொரு கல்யாணம் பேசுகிறார்கள். கணவன் நாகராஜன் உள்ளுக்குள் வேறு திட்டம் வைத்துக்கொண்டு, அதை அவளிடம்கூடச் சொல்லாமல் விளையாடுகிறான். அவள் குளத்தில் விழுந்துவிடுகிறாள், அவன் சந்நியாசியாகப் போய்விடுகிறான். "அது தண்டனையா, தப்பிச்சுப் போறதா?" என்று ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கேட்டார். அன்று கூட்டம் முடியும்வரை இதற்கு ஒத்த பதில் வரவில்லை. கல்யாணம் பேசிய பெரியவர்களை யாரும் ஏன் கேட்கவில்லை என்பது என் பக்கத்துக் கேள்வி.

'உருமாற்றம்' எல்லோருக்கும் கடினமாக இருக்கும் என்று பயந்தோம். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் அதை ஒரே வீச்சில் திறந்துவிட்டார்: "பூச்சியாயிட்டோமேன்னு அவன் பதறலை, ரயில் போச்சேன்னுதான் பதறுறான். ஷிஃப்டுக்கு லேட்டானவனுக்கு இது புரியும்." அப்பா எறிந்த ஆப்பிள், பூச்சியாகிவிட்ட கிரகோரின் முதுகில் புதைந்து அழுகுகிறது. தங்கையே அந்தப் பூச்சியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்கிறாள். தான் இல்லாமல் போவதுதான் சரி என்று அவனும் ஒப்புக்கொண்டு, வீட்டாரை அன்போடு நினைத்தபடியே சாகிறான். வீட்டார் டிராம் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள். அந்த மூன்று பேருக்கும் சம்பாதித்துப் போட்டவன் அவன்தான், உறுத்தலும் அவனுக்குத்தான்.

இதிலிருந்து ஒரு நூல் கிடைத்தது. தப்பு செய்தவர் ஒருவர், அதற்காகக் குறுகிப்போகிறவர் வேறொருவர். வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு போனோம். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கதையில் (1883) குமாஸ்தா ஒருவன் தியேட்டரில் தும்முகிறான். முன்னால் இருந்த ஜெனரலின் வழுக்கைமேல் துளி படுகிறது. அவர் அதை அப்போதே மறந்துவிட்டார். இவன் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் செத்தே போகிறான். அன்று சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அப்புறம் ஒருவர், "ஆபீஸ்ல நானும் இப்படித்தான் இருந்தேன்" என்றார்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966) வந்த மாதம்தான் அதிகக் கூட்டம். மழையில் ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அத்துமீறியவன் தன் பாட்டுக்குப் போய்விட்டான். அழுவது அந்தப் பெண். அம்மா முதலில் அடிக்கிறாள், பிறகு அக்கம்பக்கத்தாரிடம் மறைக்கிறாள், பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நம் கூட்டத்துப் பெண்கள் அந்தத் தண்ணீரில் இரண்டு கட்சியானார்கள். ஊற்றியதால்தானே அவள் பிழைத்தாள் என்பது ஒரு கட்சி. அழுக்கே இல்லாதவளுக்கு எதற்குக் குளியல் என்பது மற்றது. எனக்கு இரண்டாவது கட்சி. ஆனால் அந்த அம்மாவைத் தவிர வேறு யார் இருந்தார்கள் அவளுக்கு?

அடுத்த மாதம் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' (1943). ராமன் கால் பட்டுக் கல்லாக இருந்த அகலிகை பெண்ணாகிவிடுகிறாள், சாபம் போய்விடுகிறது. உறுத்தல் மட்டும் போவதில்லை. ஆற்றங்கரையில் மற்ற பெண்கள் விலகுகிறார்கள், கணவனோடும் பழைய நெருக்கம் திரும்புவதில்லை. தீக்குளித்ததைச் சீதை சொல்லக் கேட்டு, தன்னை மன்னித்த ராமனா அவளிடம் அப்படிக் கேட்டான் என்று அகலிகை அதிர்கிறாள். மறுபடி கல்லாகிறாள். மன்னிப்பு கொடுக்கிறவரின் கையில் இருக்கிறவரைக்கும் அது பத்திரமில்லை என்று நான் இந்தக் கதையைப் படித்தேன். தலைவருக்கு இதில் உடன்பாடு இல்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

எதிர்ப்பக்கச் சாட்சிகளும் உண்டு. எட்கர் ஆலன் போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையில் (1843) கொன்றவன் காதுக்கே தரைப்பலகைக்குக் கீழிருந்து இதயம் துடிக்கிறது. படிக்க விறுவிறுப்பு, பேச அதிகம் இல்லை. தி. ஜானகிராமனின் 'பாயசம்' வேறு ரகம். பொறாமையில் கல்யாண வீட்டுப் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, எலி கிடந்தது என்று சொல்கிற கிழவர் அவர். நல்லவேளை, எங்கள் சங்கத்தில் அண்டா கிடையாது, டீயும் வர்க்கியும்தான்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை எஸ்டேட் உறுப்பினர்கள் கேட்டுச் சேர்த்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மலைக்கு வந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. "அங்க இந்தியாக்காரி, இங்க சிலோன்காரி. எங்கம்மா சாகுறவரைக்கும் யார்கிட்டயோ மன்னிப்பு கேக்குற மாதிரியேதான் பேசும்" என்றார் ஒரு அக்கா. அன்று கட்டுரை வாசிக்க வந்தவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவரையே பேசச் சொன்னார். ஆண்டின் நல்ல கூட்டம் அதுதான்.

இடம் தந்தவர்களுக்கும் ஜெராக்ஸ் செலவை ஏற்றவர்களுக்கும் நன்றி. வாங்கிப்போன தொகுப்புகளில் சில இன்னும் திரும்பவில்லை, வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தரவும். அடுத்த ஆண்டு சிறுகதையாசிரியர் மௌனியை எடுக்கலாம் என்று ஒரு யோசனை, பயணக் கதைகளை எடுக்கலாம் என்று இன்னொன்று. இரண்டையும் இன்று ஓட்டுக்கு விடுகிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன் எழுந்து போக வேண்டாம்.

செயலாளர்