லேக்காக் தெருக்களில் கேமராவோடு திரியும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

இங்கிலாந்தின் பழைய கிராமமான லேக்காக்கிலிருந்து நீ அனுப்பிய படங்களை ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய், ஆனால் உன் படிப்புக்கு அவை போதாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சர்ச் ஸ்ட்ரீட், ஜன்னலோரப் பூக்கள், கோணலாக இறங்கும் கல் ஓட்டுக் கூரை எல்லாம் காலண்டரில் போடுகிற மாதிரி இருக்கின்றன. அந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடுப்பது அதைத்தான். வீட்டு முகப்புகளும் ஏற்கெனவே பதிவாகிக் கிடக்கின்றன. 1999-ல் தொடங்கி சில வருஷங்களில், இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாகத் தன்னார்வலர்கள் எடுத்துவைத்திருக்கிறார்கள். நீ பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் படிப்பவள். உன் படத்தை வைத்துக்கொண்டு, நேரில் பார்க்காத ஒருவர் அந்த வீட்டில் எதையாவது எண்ணவோ அளக்கவோ முடிய வேண்டும்.

அந்த ஊர்க்காரரே செய்து காட்டியதுதான் இது. 1835 ஆகஸ்டில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டால்பட், ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த தன் வீடான லேக்காக் அபேயின் தெற்குக் கூடத்து ஜன்னலைத் தபால்தலை அளவுக் காகிதத்தில் பதித்தார். கேமராவில் எடுத்த நெகட்டிவ்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பதில் அதுதான் மிகப் பழையது. பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய குறிப்பை நீ படித்திருப்பாய்: எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்ததாம். படம் அழகாக வந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் ஆல்பம் போட்டவன் நான், அந்த ஒரு வரியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

அவருடைய காகித நெகட்டிவ் வழிதான் அப்புறம் நம் தஞ்சாவூர் வரைக்கும் வந்தது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கோபுரத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எழுத்தைப் படிக்கப்போகிறவர்களை நினைத்து அந்த வேலையைச் செய்திருக்கிறார்.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். மரச்சட்ட வீடுகளை எடுத்திருக்கிறாயே, அவற்றில் பல சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. அந்த வீடுகள் அப்படி நிற்பவை அல்ல. மேல்மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு, மரம் காய்ந்து முறுக்கி, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி, நூற்றாண்டுக் கணக்காகச் சாய்ந்தவை. உன் சாஃப்ட்வேர் அதையெல்லாம் நிமிர்த்திவிட்டது. அதை அணைத்துவிடு. கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் டிரைபாடில் மட்டமாக வை, கூரை வெட்டுப்பட்டால் பின்னால் தள்ளிப் போ. முடிந்தால் கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு ஒன்று வாங்கி, நூல் படத்துக்குள் தெரிகிற மாதிரி சுவருக்கு முன்னால் தொங்கவிடு. எவ்வளவு சாய்வு என்பது பார்த்த உடனே தெரியும், பத்து வருஷம் கழித்து இன்னும் சாய்ந்திருக்கிறதா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் ஓர் அடிக்கோலும் இருக்கட்டும்.

அப்புறம், அந்தச் சாம்பல் நிறச் சட்ட வீட்டின் படம். வலது ஓரத்துத் தூணின் அடியைப் பெரிதாக்கிப் பார். கீழே முழங்கால் உயரத்துக்கு மட்டும் மரத்தின் நிறம் வெளுத்திருக்கிறது, சாய்வாக ஒரு ஒட்டுக் கோடு தெரிகிறது, அதில் இரண்டு மர முளைகள் அடித்திருக்கிறார்கள். ஈரத்தில் அடி இற்றுப்போன தூணை முழுசாகப் பிடுங்காமல், கெட்டதை மட்டும் வெட்டிவிட்டுப் புது ஓக் மரத்தைக் கோத்திருக்கிறார்கள். எவ்வளவு அக்கறையான வேலை! அது உன் படத்தின் மூலையில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அடுத்த தடவை அதற்கு மட்டும் தனியாக ஒரு படம் எடு. சட்டங்களுக்கு நடுவே செங்கல் இருக்கிற இடங்களையும் கவனி. இந்த மாதிரி வீடுகளில் முதலில் குச்சி பின்னி மண் அப்பிய சுவர்தான் இருக்கும், செங்கல் பெரும்பாலும் பிற்பாடு வந்தது.

சர்ச் ஸ்ட்ரீட்டிலேயே வளைந்த மரம் வெளியே தெரிகிற ஒரு வீடு இருக்கிறது. வளைந்த மரங்களை ஜோடியாகத் தரையிலிருந்து கூரை வரைக்கும் கவிழ்த்து நிறுத்தும் கட்டுமானம் அது. அந்தக் காலத் தச்சர்கள் சட்டங்களைத் தரையில் கிடத்திக் கோத்துப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண் மாதிரிக் கீறி அடையாளம் வைத்து, பிறகு பிரித்துக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பழைய சட்ட வீடு எதில் நுழைந்தாலும் அந்தக் கீறல்களைத் தேடு. நேராக ஃபிளாஷ் அடித்தால் மறைந்துவிடும், டார்ச்சைப் பக்கவாட்டில் மரத்தோடு ஒட்டிப் பிடி. தசமபாகத் தானியம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகச் சர்ச்சுக்குக் கொடுத்ததை, சேர்த்து வைத்த அந்த 14-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்துக்குள் கூட்டம் குறைவாக இருக்கும்போது நிதானமாக நின்று, கூரைச் சட்டம் ஒவ்வொன்றையும் வரிசையாக எடு. உச்சி வெயில் வேண்டாம். முகப்புக்கு மேகம் மூடிய நாள், உளித் தழும்புக்குச் சாய்ந்த வெயில்.

இன்னொன்று. ஊர் முழுக்க அபே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து, 1944-ல் மெட்டில்டா டால்பட் அதை அப்படியே, பழைய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்ததால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. கண்ணில் படுகிற மாதிரி கம்பியோ ஆன்டெனாவோ கிடையாது, சினிமாக்காரர்கள் தேடி வருவதும் அதற்காகத்தான். ஆனால் உனக்கு அது ஒரு சிக்கல். படத்தைப் பார்த்தால் எந்த வருஷம் எடுத்தது என்றே தெரியாது. அதனால் தேதி, தெரு, எந்தப் பக்கத்துச் சுவர் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துவிடு, ஞாபகத்தை நம்பாதே.

அந்த வீடுகளில் வாடகைக்கு ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதும் மனதில் இருக்கட்டும். தூக்குக்குண்டும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு சுவரோரம் போகும் முன் கதவைத் தட்டி, என்ன செய்கிறாய் என்று சொல்லிக் கேள். வீட்டின் பின்பக்கம் பார்க்க யாராவது உள்ளே கூப்பிட்டால் யோசிக்காமல் போ, முகப்பை அழகுபடுத்தியவர்கள் பின்பக்கத்தை அநேகமாக விட்டுவைத்திருப்பார்கள்.

அடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதே, சுருங்கிவிடுகிறது. டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பு. தூணடிப் படத்தை முதலில் அனுப்பு. குளிருக்குக் கையுறை வாங்கினாயா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா