ஏட்டில் இருப்பதை இருந்தபடியே ஏற்றுங்கள்

இராமநாதபுரம் கரையோர ஊர்களின் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், பங்குப் பேரவையினருக்கும், ஊர்த் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியோர்களே,

அஸ்ஸலாமு அலைக்கும். தோத்திரம். வணக்கம்.

பழைய நிக்காஹ் பதிவேடுகளையும் ஞானஸ்நான ஏடுகளையும் ஊர் நோட்டுகளையும் கணினியில் ஏற்றும் வேலையை உங்களில் சிலர் தொடங்கியிருக்கிறீர்கள். கரையான் அரிப்பதற்குள் இதைச் செய்வது பெரிய காரியம். அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். இனம், நாடு, பூர்வீகம் பற்றி ஏட்டில் என்ன இருக்கிறதோ, அதை எழுத்து மாறாமல் ஏற்றுங்கள். திருத்தாதீர்கள்.

வம்சாவளி தேடி வருகிறவர்களுக்குக் கூடமாட உதவுகிறவள் நான். ஓர் ஊரில் தட்டச்சு முடிந்த பிரதியைப் பார்த்து மனம் உடைந்துபோனது. மூல ஏட்டில் மணமகனின் ஊருக்கு நேரே ‘சிலோன்’, ‘பினாங்கு’, ‘ரங்கூன்’ என்று மங்கிய மையில் இருந்தது. பிரதியில் பக்கம் பக்கமாக எல்லாருக்கும் ‘இந்தியர்’. செய்தவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் பாட்டனைத் தேடி வரும் பேத்திக்கு ‘பினாங்கு’ என்ற அந்த ஒரு சொல்தான் பிடிமானம். அது இருந்தால் அடுத்து எந்த நாட்டுப் பதிவைத் தேடுவதென்று தெரியும். ‘இந்தியர்’ என்பதை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

நம்முடையது அக்கரையிலும் குடும்பம் வைத்திருந்த கரை. அங்கே இனம் எப்படி எழுதப்பட்டது என்பது அந்தந்த ஆட்சியின் தேவையைப் பொறுத்தது. இலங்கையில் 1911 குடிமதிப்பில்தான், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் தனித்தனியாக எண்ணினார்கள். முஸ்லிம்களையும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்தார்கள். கீழக்கரையில் பிறந்த அண்ணன் தம்பியில் ஒருவர் கொழும்பில் பெண் கட்டி அங்கேயே தங்க, மற்றவர் கடையைப் பார்த்துக்கொண்டு ஊருக்கு வந்துபோக, அடுத்த தலைமுறை காகிதத்தில் இரண்டு இனமாகிவிடலாம். பரதவர் குடும்பங்களும் அப்படித்தான். இங்கே சாதியாக எண்ணப்படுவது, 2012 இலங்கைக் குடிமதிப்பில் தனி இனம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கதை இன்னும் கனமானது. அந்நாட்டின் 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. என் பெரியம்மாவின் பாஸ்போர்ட் இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. நாடு: இந்தியா. பிறந்த ஊர்: ஹட்டன். அவருடைய அம்மாவும் அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கும்வரை பெரியம்மா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே அவர் ‘இந்தியத் தமிழர்’. அப்படி வந்தவர்களை வைத்த மண்டபம் முகாமின் தாளில் ‘தாயகம் திரும்பியோர்’. குடிவந்த தெருவில் ‘சிலோன்காரி’. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டால் அவர் பட்டதில் பாதி காணாமல் போய்விடும். ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு, ஆண்டு வேறு, காரணம் வேறு. ஆகவே எந்தச் சொல்லை ஏற்றினாலும் அது எந்த ஆண்டு, எந்தத் தாளில், யார் எழுதியது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். வீட்டார் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்களோ, அதற்குத் தனியாக ஒரு கட்டம் விடுங்கள்.

பிறந்த இடத்தையும் இனத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்பதற்கு மண்டபத்திலேயே இன்னொரு காரணமும் உண்டு. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களின் பிள்ளைகளில், 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் நம் சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அப்படியொரு குழந்தையின் ஞானஸ்நான ஏட்டில் பிறந்த தேதியும் ஊரும் தெளிவாக இருக்க, பிரதியில் ‘இலங்கை’ என்று மட்டும் போட்டுவிட்டால், அவருடைய உரிமைக்கான சாட்சியை நாமே அழித்தவர்கள் ஆவோம்.

சாதிப் பெயர் விஷயத்தில் உங்களுக்குத் தயக்கம் இருக்கும். பழைய எழுத்தர்கள் சில இடங்களில் வாய்கூசும் சொற்களைப் போட்டிருக்கிறார்கள். எனக்கும் படிக்கும்போது கை நடுங்கும். இருந்தாலும் மூலத்தின் நகலில் அதை அழிக்க வேண்டாம். அப்படி எழுதினார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அதே சமயம், கேட்டு வருகிறவர் தன் குடும்ப மரத்தில் அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உயிரோடு இருப்பவர்களின் சாதி, குடியுரிமை நிலை, முகாம் எண் எதையும் ஊரறிய வெளியிடவே கூடாது. முகாம்வாசிகள் விஷயத்தில் இதை மன்றாடிக் கேட்கிறேன்.

ஏற்கெனவே ஏற்றி முடித்த ஊர்கள், கணினியில் வந்துவிட்டதே என்று மூல ஏட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். பிரதியை ஏட்டோடு வரிவரியாக ஒத்துப்பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். கூலி வேண்டாம். தொண்டியானாலும் சாயல்குடியானாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கரையைச் சேர்ந்த ஒரு பெண்