உம் கொட்ட ஆள் வேண்டும்

குன்னூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. பாதி விஷயத்தைப் போனிலேயே சொல்லிவிட்டாய் என்றாலும், உன் கையெழுத்தில் படிப்பது தனி சுகம். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கல்லாறுக்கு மேலே மண் சரிந்து மலை ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள். அத்தைக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. என் முழங்காலைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது, விடு.

பேச்சில் சொல்லுக்கு வெறும் 7 சதவீதம்தான், மீதி 93-ம் குரலும் உடல்மொழியும்தான் என்று கம்பெனிப் பயிற்சியில் சொன்னதாக உன் மாப்பிள்ளை வந்து சொன்னாராமே. அவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, ஆனால் அந்தக் கணக்கைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 1967-ல் கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் வெளியிட்ட இரண்டு சோதனைகளைச் சேர்த்து வந்தது அது. ஒற்றைச் சொல்லைப் பல தொனிகளில் பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள். ஒரு சோதனையில் கூடவே முகப் படங்களையும் காட்டினார்கள். பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். சொல் ஒன்றும் தொனி வேறொன்றுமாக இருந்தபோது, ஆட்கள் தொனியையும் முகத்தையும்தான் நம்பினார்கள். அவ்வளவுதான் சங்கதி. விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"எனக்கென்ன கோபம், ஒன்றுமில்லையே" என்றபடி சம்பந்தியம்மா டம்ளரை ணங்கென்று வைத்தால் நாம் எதை நம்புவோம் என்று உனக்கும் தெரியும். ஆனால் "பஸ் நாலரைக்கு, மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்" என்பதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வதாம்? கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிதில், பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பெண்கள் படுக மொழியில் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று தெரியும். எதற்கு என்று மட்டும் தெரியாது. 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டுமே!

அப்புறம், சைகை என்ன எல்லா ஊருக்கும் பொதுவா? இங்கே குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு பேக்கரியில் பார்த்தேன். ஒரு வெளிநாட்டுப் பெண் வர்க்கி இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் நம் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். அவள் முகம் வாடிப்போய் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவர் வர்க்கியை அள்ளித் தாளில் போட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். பல்கேரியாவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆமாம் என்று அர்த்தம். அந்த ஊர்க்காரியாக இருந்திருந்தால் வர்க்கி கிடைத்திருக்கும்.

நான் எழுத நினைத்தது வேறு. இந்தப் பயிற்சிக்காரர்கள் எல்லாரும் பேசுகிறவரைத்தான் திருத்துகிறார்கள்: கையை இப்படி வை, கண்ணைப் பார், நிமிர்ந்து நில். கேட்கிறவர் பாட்டுக்கு ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறாரே, அதை யார் கவனிக்கிறார்கள்?

எங்கள் அத்தையிடம் ஒரு காட்டெருமைக் கதை உண்டு. விடியற்காலையில் தேயிலைக்குள் அதன் எதிரே போய் நின்ற கதை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்து, "ஐயோ, அப்புறம்?" என்று வாயைப் பிளந்தால் போதும், அத்தையின் கை தானாகக் கொம்பாகிவிடும், குரல் இறங்கிவிடும். அதே கதையைப் பேத்தியிடம் சொல்லும்போது பார்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே சரியாகத்தான் "ம்... ம்..." என்கிறாள். அத்தைக்கு அது கேட்டால்தானே? அவருக்கு இப்போது எதிராளியின் முகம்தான் உம். இரண்டு தரம் பேத்தியின் முகத்தைப் பார்த்தார், காட்டெருமை வருவதற்கு முன்பே "அது போயிடுச்சு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

இதையே கனடாவில் ஜேனட் பவெலாஸ் என்ற உளவியல் பேராசிரியரும் கூட இருந்தவர்களும் சோதித்து 2000-ல் எழுதியிருக்கிறார்கள். ஆபத்திலிருந்து தப்பிய கதையை ஒருவர் சொல்ல வேண்டும். கேட்பவருக்கோ, பேச்சில் 'டி' (T) எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கும் வேலை. அவர் கவனம் எழுத்தில் போய்விட, சொல்பவர் நல்ல கட்டத்தில் தடுமாறினார், முடிந்த கதையையே திரும்பத் திரும்ப விளக்கினார். கதை கெட்டது கேட்டவரால்!

இன்னொன்று. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வின்படி, ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு சொல்லை யோசித்து வாயில் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஆக, நீ முடிப்பதற்குள்ளேயே நான் பதிலைத் தயார் செய்கிறேன், நீ எங்கே முடிப்பாய் என்றும் கணிக்கிறேன். பிள்ளை அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வரும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, "நீங்க சொல்லுங்கம்மா", "இல்ல, நீ சொல்லு" என்று முட்டிக்கொள்வது, குரல் வந்துசேரும் தாமதத்தில் இந்தக் கணிப்பு தப்பிவிடுவதால்தான். மருமகளின் "சரிங்கத்தை" கொஞ்சம் தாமதித்து வந்தால் மனசில்லாமல் சொல்கிறாளோ என்று தோன்றுகிறது. பாவம், தாமதம் இன்டர்நெட்டினுடையது!

எதிர்வீட்டு அண்ணா மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை என்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னே பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பின்னால் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து வேறு. "நான் காட்டுறது பெரிசில்லம்மா, பின்னாடி நிக்கிறவன் பார்த்துட்டான்னு எனக்குத் தெரியணும்" என்றார். மாப்பிள்ளையின் பயிற்சி வகுப்புக்கு இவரை அனுப்பலாம்.

நீயும் வாட்ஸாப்பில் நீல டிக்கை மட்டும் காட்டிவிட்டு இருந்துவிடாதே, ஒரு "ம்" ஆவது போடு. தை பிறந்ததும் வா. ஸ்வெட்டர் இங்கே இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலை இரண்டு கவுளி வேண்டுமாம் அத்தைக்கு. அவரிடம் உட்காரும்போது இடது பக்கமாக உட்கார், அந்தக் காது கொஞ்சம் பரவாயில்லை.

அன்புடன்,
கோமதி