முற்பணம் வாங்கும் முன் கணக்கைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாக்களுக்குக் கல்லூரிகளில் பணம் திரட்டப்படுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செலவு விபரம் காட்டாமல் முற்பணம் வாங்குவதுதான் தவறு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐ எட்டியது. அந்த மார்ச்சில்தான் மகளின் சென்னைப் பயணத்துக்கு முதல் தவணை கட்டினேன். மே மாதம் கல்லூரியிலிருந்து வந்த துண்டில் பழைய தொகையைப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் புதியதை எழுதியிருந்தார்கள். காப்பை அடகு வைத்தேன். பயணம் நடக்கவில்லை, முற்பணமும் திரும்பவில்லை. கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லை போய்வந்த செலவு தனி.

விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, பயணம் நின்றால் எப்போது பணம் திரும்பும் என்பதை எழுத்தில் தந்த பின்னரே கல்லூரிகள் தவணை வாங்கட்டும். சேரும் பணம், பெற்றோர் ஒருவரும் கையொப்பமிடும் வங்கிக் கணக்கில் இருக்கட்டும்.

தாயொருவர்,
உப்புவெளி, திருகோணமலை.