மூன்று சாவிகள்

பெகு, பர்மா
நவம்பர் 2020

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. அம்மாவின் மூட்டுவலி தணிந்ததா? இங்கே எல்லாரும் நலம். மகள் ரங்கூனில் இருக்கிறாள். செப்டம்பரிலிருந்து அங்கே ஊரடங்கு என்பதால் தொலைபேசியில்தான் பேசுகிறோம்.

கிராமங்களுக்குப் போகாமல் எப்படி வேலை நடக்கிறது என்று கேட்டிருந்தாய். மார்ச் 23 அன்று நாட்டில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா நின்றது. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. நம் பெண்கள் சேமிப்புக் குழுவோ வாரம்தோறும் பாயில் வட்டமாக அமர்ந்து, எல்லார் கண்ணெதிரிலும் பணத்தை எண்ணிப் பூட்டுகிற குழு. கூட்டம் நின்றால் நம்பிக்கையும் போய்விடுமே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தத் தகரப் பெட்டியை நீ பார்த்திருக்கிறாய். மூன்று பூட்டு, சாவிகள் மூன்று பெண்களிடம். அந்த மூவரும் யாரும் சொல்லாமலே மாரியம்மன் கோயில் மண்டபத்தில், ஆளுக்கொரு தூணடியில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பாஸ்புத்தகத்தையும் பணத்தையும் பையில் போட்டுப் படியில் வைத்துவிட்டு நகர்வார்கள். எண்ணுகிறவர் ஒவ்வொரு தொகையையும் தெருவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார். தொலைபேசி வழியே அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பயிற்சி வகுப்புக்கென வந்த பணத்தை விதைநெல்லுக்கு மாற்றலாமா என்று நிதி தருபவர்களிடம் கேட்டோம். சம்மதம் வருவதற்குள் நாற்றுவிடும் காலம் கடந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. பெட்டியிலிருந்த பணம்தான் பலரை வட்டிக்காரரிடம் போகாமல் காத்தது. தாய்லாந்திலிருந்து எல்லை ஊரான மியாவடி வழியாகத் திரும்பிய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் 21 நாள் தனிமைப்படுத்தி வைத்தபோது, ஊரே ஒதுங்கி நின்றது. இந்தப் பெண்கள்தான் சோறாக்கி வேலியருகே கொண்டுபோய் வைத்தார்கள்.

இப்போது அறுவடை முடிகிறது. ஈரம் காய்வதற்குள் பயறு விதைக்க வேண்டும். 2017இல் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு அளவு வைத்ததிலிருந்து விலையை நம்ப முடியவில்லை. பாசிப்பயறைச் சீனாவும் வாங்குகிறது. ஆகவே பாதி நிலத்திலாவது அதைப் போடச் சொல்லித் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. இந்த வருடம் ஒரு புதுக் குழுகூடத் தொடங்க முடியவில்லை. பத்து வருடம் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள், குரலைக் கேட்டே கணக்கை நம்புகிறார்கள். முகம் பழகாதவர்களிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது? உங்கள் பக்கம் யாராவது புதிதாகத் தொடங்கினார்களா? எப்படி என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பெகு நண்பன்