32 மீட்டர் ஆழத்துக்கு அனுபவமற்றவரை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருவான்மியூர், சென்னை
பெறுநர்: மேலாளர், ஸ்கூபா பயிற்சி நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலை

ஐயா,

மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று கோவளத்திலிருந்து உங்கள் படகில் ஆழ்கடல் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டுக்கு) வந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. ‘அனுபவசாலிகளுக்கு மட்டும்’ என்ற உங்கள் அறிவிப்பை நம்பி 8,500 ரூபாய் கட்டினேன். படகில் என் லாக் புக்கை, அதாவது நான் முங்கிய விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, நீட்டினேன். எங்களை வழிநடத்த வந்த உங்கள் டைவ் மாஸ்டர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மற்றவர்களிடமும் எதுவும் கேட்கவில்லை.

நீருக்குள் எனக்கு ஜோடியாக அனுப்பப்பட்ட இளம் தம்பி, 18 மீட்டர் வரைக்கான தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டுமே பெற்றவர். அதற்குமுன் நான்கு முறைதான் முங்கியிருக்கிறார். கரை திரும்பிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

32 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் நீர்மட்டத்தில் செலவாவதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் காற்று செலவாகும். பதறுபவருக்கு இன்னும் கூடும். பாரின் விளிம்பில் ஆளுயரக் கலவா மீன் ஒன்று அசையாமல் நின்றது. அதைக் காட்டத் திரும்பியபோது தம்பியின் கண்கள் நிலைகுத்தியிருந்தன. இறங்கிப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அவருடைய மானியில் 60 பார் (அழுத்த அலகு), என்னுடையதில் 130. ஆழத்தில் நைட்ரஜனால் வரும் போதை போன்ற மயக்கமோ பயமோ, என் சைகை எதுவும் அவருக்கு எட்டவில்லை. தோள்பட்டையைப் பற்றிக்கொண்டு, என் சிலிண்டரிலிருந்து மூச்சுவிட உதவும் உபரி ரெகுலேட்டரை அவர் வாயில் வைத்து, நங்கூரக் கயிற்றோடு மெல்ல ஏறினேன். உடலில் சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று முடித்தபோது என் சிலிண்டரில் மிச்சம் 45 பார். அந்த 5 மீட்டரில் அவசரத்துக்கு ஒரு சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கக் கூடாதா?

படகில் ஏறியதும் ஆக்சிஜன் கேட்டேன். “கடையில் இருக்கிறது” என்றார்கள். கரையோ ஒரு மணி நேரத் தொலைவில். தம்பிக்கு அழுத்தநோயின் (மேலே வரும்போது உடலில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவதால் வருவது) அறிகுறி தெரிந்திருந்தால், உடனே தர வேண்டிய முதலுதவி அந்தத் தூய ஆக்சிஜன்தான். படகோட்டி அண்ணன்தான் துண்டு போர்த்தி, அவரைப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மறுநாள் தொலைபேசியில் பேசியபோது, “ஒன்றும் ஆகவில்லையே மேடம்” என்றீர்கள். அந்தச் சொல்தான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. அந்தப் பிள்ளையை வீட்டில் எதிர்பார்த்திருந்தவர்களிடம் இதைச் சொல்வீர்களா?

எங்கள் இருவரின் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். சான்றிதழும் லாக் புக்கும் பார்க்காமல், படகில் ஆக்சிஜன் இல்லாமல் இனி யாரையும் அந்தப் பாருக்கு அழைத்துப் போக மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். என் டைவ் கம்ப்யூட்டரில் பதிவான ஆழமும் நேரமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
அன்று உங்கள் படகில் வந்தவள்