ராதாபாய் சுப்பராயனுக்கு ஒரே ஒரு தொடர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைத் திருச்செங்கோட்டுக்காரி என்ற உரிமையோடு படித்தேன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயன், தரைப்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்த மகன், மத்திய அமைச்சரான மோகன் குமாரமங்கலம், கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியில் 1957, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்ற பார்வதி கிருஷ்ணன் என எல்லோரைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதிய கட்டுரையாளர், ராதாபாயை மட்டும் 'சுப்பராயனின் துணைவியார்' என்ற தொடரோடு விட்டுவிட்டார்.

ராதாபாய் 1891இல் மங்களூரில் பிறந்தவர். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதற்காகச் சொந்தச் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்ட குத்முல் ரங்கராவின் மகள். சாரஸ்வத பிராமணக் குடும்பத்துப் பெண் 1912இல் கொங்கு வேளாளக் கவுண்டர் வீட்டுக்கு மருமகளாக வந்தார். இன்றும் எங்கள் பக்கத்தில் அப்படியொரு கல்யாணம் சுலபமாக நடந்துவிடாது என்பதை மறைப்பானேன்?

ஆனால் அவரை நினைவில் வைக்கவேண்டிய காரணம் வேறு. 1930இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட இந்தியப் பெண்கள் இருவர்: லாகூரின் பேகம் ஜஹானாரா ஷா நவாஸும் ராதாபாயும். வாக்குரிமையை ஆராய லோதியன் பிரபு தலைமையில் 1932இல் இயங்கிய குழுவிலும் ராதாபாய் உறுப்பினராக இருந்தார். சட்டமன்றங்களில் பெண்களுக்கென இடங்களை ஒதுக்கவேண்டும் என்பது அவர் வாதம். அகில இந்தியப் பெண்கள் மாநாடு உள்ளிட்ட பெரிய அமைப்புகளோ, எங்களுக்குச் சலுகை வேண்டாம், வயது வந்த அனைவருக்கும் வாக்கும் ஆணுக்குச் சமமான உரிமையும் போதும் என்று உறுதியாக நின்றன. சரோஜினி நாயுடுவின் நிலைப்பாடும் அதுவே. அரசு அழைத்துப்போன ஜமீன் வீட்டுப் பெண் யாருக்காகப் பேசுகிறார் என்று அன்று எழுந்த கேள்வியை நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். எனினும், ஒதுக்கீடு இல்லாவிட்டால் கட்சிகள் பெண்களை நிறுத்தப்போவதில்லை என்ற அவருடைய அச்சம் பொய்க்கவில்லை.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 8 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 1938இல் அன்றைய மத்திய மேலவைக்குச் சென்ற முதல் பெண் உறுப்பினரும் ராதாபாயே. விடுதலைக்குப் பின் வந்த அரசமைப்பில் பெண்களுக்கான ஒதுக்கீடு இடம்பெறவில்லை. அது உள்ளாட்சி அமைப்புகளின் வழியாகத் திரும்பி வர 1992ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் திருத்தம் 2023இல் நிறைவேறியபோதும், அது மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் முடிச்சுப் போடப்பட்டது.

ஒதுக்கீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் தலைவராக வென்ற பெண்கள் கையெழுத்திட, நாற்காலியில் அவர்தம் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதே ஊர்களில், முதல் ஐந்தாண்டில் வாய் திறக்காதிருந்தவர் இரண்டாம் முறை வென்றுவந்து குடிநீர்க் குழாய்க்காக ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரிகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டதையும் பார்த்திருக்கிறேன். கணவர் பெயரின் நிழலிலேயே பெண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை ஊராட்சி அலுவலகத்தில் குறை சொல்லும் நாம், பத்திரிகைக் கட்டுரையில் அதையே செய்யலாமா?

ஆகவே ராதாபாயைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். அது வெறும் புகழ்மாலையாக இருக்கவேண்டாம். வாக்குரிமைக் குழுவின் முன் பெண்கள் அமைப்புகள் அளித்த சாட்சியங்களையும் அவற்றுக்கு எதிராக நின்ற ராதாபாயின் வாதத்தையும் பக்கம் பக்கமாக வைத்துத் தமிழில் தந்தால், இன்றைய ஒதுக்கீட்டு விவாதத்தில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்செங்கோடு